சரஸ்வதி மகாலுக்கு ஒரு மணி நேரம் பத்தாதுங்க

போன மாதம் ஈரோட்டிலிருந்து எங்கள் வாசகர் வட்டத்துக்காரர்கள் பதினாலு பேர் வேன் பிடித்து தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் போய் வந்தோம். விடியற்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பி கொடுமுடி, கரூர், குளித்தலை, திருச்சி என்று பெரும்பாலும் காவிரியை ஒட்டியே சுமார் 200 கிலோமீட்டர். ஓட்டுநர் தம்பி நிதானமாக ஓட்டினார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோபமெல்லாம் ஏற்பாடு செய்தவர் மேல்தான். வழியில் நாலு கோயிலைச் சேர்த்துவிட்டு, சுவடி பார்க்க ஒரே ஒரு மணி நேரம் வைத்திருந்தார். நாங்கள் கிளம்பியதே அதற்குத்தானே!

நூலகத்து அருங்காட்சியகம் சின்னதுதான், ஆனால் வேகமாகப் பார்த்துவிட்டு வருகிற இடமில்லை. நாயக்கர் காலத்தில் தொடங்கி, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) பெருக்கிய சேகரிப்பு இது, காசி யாத்திரை போன இடத்திலும் சுவடி தேடிக் கொண்டுவந்த மனுஷன். 1784-இல் அச்சான, சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதிகூட இங்கே இருக்கிறது. எனக்கு ஓலைதான் பெரிசாகப் பட்டது. இரண்டு விரல் அகல ஓலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது, குத்தினால் ஓலை கிழிந்துவிடுமாம். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா பேழை மேல் குனிந்து, இது 'க'வா 'க்'கா என்று கூட்டிக் கூட்டி ஒரே ஒரு வரி படிக்கப் பத்து நிமிஷம் ஆனது. எங்கள் அப்பாரு வீட்டுப் பரணில் கிடந்த சுவடிக்கட்டை ஓர் ஆடிப்பெருக்கன்று காவிரியில் விட்டுவிட்டதாக அப்பத்தா சொல்லியிருக்கிறார். அங்கே நின்றபோது அந்த நினைப்பில் தொண்டை அடைத்துக்கொண்டது, என்ன எழுதியிருந்ததோ.

அப்புறம், அதே அரண்மனை வளாகத்தில் இருக்கிற கலைக்கூடத்தை விட்டுவிடாதீர்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர், 1011-ஆம் ஆண்டுச் செப்புத்திருமேனி, அங்கேதான் நிற்கிறார். சிவன் சாய்ந்து நிற்கிற அந்தக் காளை இன்றைக்கு இல்லை, கை மட்டும் அந்தரத்தில் தங்கியிருக்கிறது. காங்கேயம் பக்கம் மாடு வளர்க்கிற நண்பர் ஒருவர், "திமில் மேல கை போட்டா இப்படித்தானுங்க நிக்கும்" என்று தானும் அப்படியே நின்று காட்டினார்.

போகிறவர்கள் கோயில்களை இன்னொரு நடைக்கு வைத்துக்கொண்டு, காலைப்பொழுது முழுக்க இங்கேயே இருக்கிற மாதிரி முன்கூட்டியே பேசிவிடுங்கள். நூலகத்து அருங்காட்சியகத்துக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், அதனால் சின்ன நோட்டும் பேனாவும் கையோடு இருக்கட்டும்.