லிஃப்ட் பண்ணின ஜிப்ஸிக்கு ஷாஃப்ட் மாத்தக் கொடுக்கிறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுகிற ரோட்டில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். யாரோ கடப்பாரையைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு கூடவே ஓடி வருகிற மாதிரி வண்டிக்கு அடியில் சத்தம். நிறுத்திக் குனிந்து பார்த்தால் பின்பக்க புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற குழாய்த் தண்டு) வால் முனை ரோட்டில் கிடக்கிறது. கிராஸில், அதாவது ஷாஃப்ட் சாய்ந்தபடி சுற்ற விடுகிற சிலுவை மூட்டில், ஒரு கப் (சிலுவையின் கை நுனியில் மாட்டுகிற பேரிங் மூடி) ஆளையே காணோம். 14,500 ரூபாய் கொடுத்து, "புத்தம் புதுசுங்க" என்று சொல்லி மாட்டிவிட்ட ஷாஃப்ட். ஆறு வாரம்கூட ஆகவில்லை.

வால் முனை விழுந்ததால் இழுபட்டுக்கொண்டு வந்தது. முன் முனை விழுந்திருந்தால் ரோட்டில் குத்தி வண்டியைக் கம்பு ஊன்றித் தாண்ட வைத்திருக்கும். பக்கத்து சீட்டில் என் பையன்.

வண்டி 1999 மாடல் மாருதி ஜிப்ஸி, 1.3 லிட்டர், ராணுவ ஏலத்தில் வந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஆக்சிலுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங் பட்டைகளை ஆக்சிலுக்கு மேலே ஏற்றி வண்டியை நாலு அங்குலத்துக்கு மேல் உயர்த்தியிருந்தார், லிஃப்ட் என்பது இதைத்தான். அப்படித் தூக்கினால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (சுழற்சியை முன், பின் ஷாஃப்ட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) ஹவுசிங்குக்கும் (பின் ஆக்சில் கூடு) நடுவில் தூரம் கூடும், ஷாஃப்ட் சாயும். கம்பெனி ஷாஃப்ட் எட்டாது. எட்டினாலும் ஸ்பிளைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க ஒன்றுக்குள் ஒன்று வழுக்குகிற பல் பகுதி) நுனியில்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த மனுஷர் அதற்குத் தகுந்தபடி நீளமான ஷாஃப்ட் செய்து போட்டிருந்தார். மூன்று வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

பிறகு கிளட்ச் விடும்போது பின்னால் 'டங்' என்று ஒரு தட்டு. கிராஸ் தேய்ந்தால் வருகிற சத்தம்தான், கிராஸை மட்டும் மாற்றினால் தீர்ந்திருக்கும். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, ஆஃப் ரோடு வண்டிகள் வரிசையாக நிற்கிற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். பெயர் போடப் போவதில்லை, போன் பண்ணிக் கேட்கவும் வேண்டாம். "ஷாஃப்ட்டே வளைஞ்சிருக்குதுங்க அண்ணா, ஸ்பிளைனும் போச்சு. புதுக் குழாய், புது கிராஸ், பேலன்சிங் எல்லாம் சேர்த்து முழுசா செஞ்சு தந்திடறேன்" என்றார். வளைவு எங்கே என்று நான் கேட்கவில்லை. கழற்றிய ஷாஃப்ட்டை வண்டியில் வைக்கச் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி. பில் கேட்கவில்லை, ஒரு துண்டுச் சீட்டோடு வந்துவிட்டேன். மூன்றும் என் தப்பு.

வண்டி எடுத்த அன்றே 50-ஐத் தாண்டினால் தரை கிடுகிடுவென்று ஆடியது. திரும்பப் போய்ச் சொன்னால், "லிஃப்ட் பண்ணுன வண்டின்னா கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தானுங்க செய்யும்." மறுபடி போனேன், டயர் பேலன்சிங் என்றார். அதற்கும் தனியாகக் காசு. மூன்றாவது முறை டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் சீலில் ஆயில் கசிவு. "பழைய வண்டிங்க." எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். கம்பெனிப்படி இருக்கிற வண்டி என்றால் நாமும் சண்டை போடுவோம். மாற்றங்கள் செய்த வண்டி என்றால் 'நாம பண்ணிவெச்ச வேலையோட வினைதான் போல' என்று நமக்கே ஒரு சந்தேகம் வருகிறது பாருங்கள், அதில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

மலையில் அன்றைக்கு என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் பின் சக்கரத்துக்கு அடியில் நல்ல கனமான கல். ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு டூ வீலில் கியர் போட்டு வைத்தாலும் வண்டி நிற்காது, உருண்டுவிடும். அப்புறம் இரண்டு முனையிலும் ஃபிளாஞ்ச்சுக்கு (ஷாஃப்ட்டை முடுக்குகிற தட்டு) நாலு என்று எட்டு போல்ட்டையும் கழற்றி ஷாஃப்ட்டை உள்ளே தூக்கிப் போட்டேன். ஃபோர் வீல் ஹையில் போட்டால் முன் ஷாஃப்ட் மட்டும் இழுக்கும். அப்படியே திருப்பி மெதுவாகப் பொள்ளாச்சி வந்து சேர்ந்தேன். வருகிற வழியில் கீழே சமதளத்தில் ஒரு தடவை 60 போனேன். ஆட்டம் துளிகூட இல்லை! ஆறு வாரமாகத் தேடிய நோய் பின் சீட்டில் படுத்திருக்கிறது.

பொள்ளாச்சியில் லாரி ஷாஃப்ட் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு லேத்துக்காரப் பெரியவர். ஷாஃப்ட்டை வாங்கி அரத்தால் நடுவில் நாலு இழுப்பு இழுத்தார். கறுப்புப் பெயிண்ட் உரிந்து, குழாயைச் சுற்றி வளையமாக வெல்டிங் தெரிந்தது. ஒரு சாண் தள்ளி இன்னொரு வளையம். "தம்பி, ரெண்டு வண்டிப் பொணத்த ஒட்டி வெச்சிருக்கறாங்க" என்றார். ஒழுங்கான வேலையில் குழாய் ஒரே துண்டாக இருக்கும், வெல்டிங் இரண்டு முனையில் மட்டும்தான் வரும்.

அடுத்து அதை பெஞ்சில் படுக்க வைத்தார். ஒரு முனை யோக்கின் (கிராஸைப் பிடிக்கிற கவை) இரண்டு காதும் தட்டையாகப் படுக்கும்படி வைத்தால் மறுமுனைக் காதும் அதே மட்டத்தில் படுக்க வேண்டும். இதில் ஒன்று வானத்தைப் பார்க்கத் தலையைச் சாய்த்த மாதிரி இருந்தது. கிராஸ் சாய்ந்து சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ் அதற்கு நேர் எதிராக ஆடி அதைச் சரிக்கட்டும். காதுகள் நேராக இல்லாவிட்டால் சரிக்கட்டல் கிடையாது, ஆட்டம்தான். லிஃப்ட் பண்ணின வண்டியில் சாய்வு அதிகம் என்பதால் ஆட்டமும் அதிகம். பேலன்சிங்குக்குக் காசு வாங்கியிருந்தார்களே, எடையைச் சமன் செய்யக் குழாயில் ஒட்டுகிற பேலன்ஸ் தகடு ஒன்றுகூட இல்லை. 'புது' கிராஸின் கப்பைப் பிடித்து வைக்கிற லாக்கை நெம்பி எடுத்தால் அடியில் துரு.

நீளமும் தப்பு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அளந்திருக்கிறார்கள் என்பது பெரியவரின் கணிப்பு. வண்டி தன் டயரில் உட்கார்ந்ததும் தூரம் குறையும், பள்ளத்தில் பட்டை அமுங்கும்போது இன்னும் குறையும். உள்ளே போக இடமில்லாமல் ஸ்பிளைன் முட்டி டிரான்ஸ்ஃபர் கேஸை இடித்திருக்கிறது. சீல் கசிந்த கதை அதுதான்.

அவர் அளந்த விதம் வேறு. சமதளம், நாலு சக்கரமும் தரையில், ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து முகம் வரைக்கும் டேப். ஸ்பிளைன் உள்ளே போக ஒரு அங்குலமாவது மிச்சம். கிராஸுக்கு கப்பின் விட்டம், கப்புக்குக் கப் அகலம், லாக் உள்பக்கமா வெளிப்பக்கமா. "ஜிப்ஸி கிராஸ்னு கேட்டா கடையில குடுப்பான். உன் வண்டியில இருக்கறது ஜிப்ஸி ஷாஃப்ட்டான்னு யாருக்குத் தெரியும்?" கடைசியாக என் போனையே வாங்கி ஃபிளாஞ்ச்களில் வைத்துச் சாய்வு பார்த்தார். டிரான்ஸ்ஃபர் கேஸ் முகமும் ஹவுசிங் முகமும் ஒரே சாய்வில் இருந்தன. முன் ஓனர் வேலை சுத்தம். ஷாஃப்ட்டுக்கு 8,200, சீலுக்குத் தனி. இப்போது 80-லும் கண்ணாடி நடுங்கவில்லை.

அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஒட்டுப்போட்ட ஷாஃப்ட்டைக் கவுன்டரில் வைத்தேன். 4,000 ரூபாய் திரும்ப வந்தது, அதோடு சரி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று தெரிந்த வக்கீலைக் கேட்டேன். யூ.பி.ஐ.யில் பணம் கட்டிய ஆதாரம் இருப்பதால் போகலாமாம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டி, வண்டியை ஏன் மாற்றி வைத்திருக்கிறாய் என்று எதிர்த்தரப்பு நம்மையே திருப்பிக் கேட்கும் என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பழைய ஷாஃப்ட்டைக் கேட்டதற்கு "ஸ்கிராப்ல போட்டாச்சுங்க" என்றார்கள். நான் நம்பவில்லை. நீளம் எத்தனை என்று கேட்காதீர்கள், மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அளந்து வைக்கவில்லை. ஒரு பழைய போட்டோவில் பார்த்துச் சொல்கிறேன்: ஹவுசிங் பக்கம் அருகருகே இரண்டு பேலன்ஸ் தகடு, யோக்கில் உரிந்த ராணுவப் பச்சை, நடுவில் நான் ஒருதடவை பாறையில் இடித்த கட்டைவிரல் அளவு நசுங்கல். கோவைப் பக்கம் யாராவது லிஃப்ட் பண்ணின ஜிப்ஸிக்கு 'புது' ஷாஃப்ட் போட்டிருந்தால், அடியில் டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.