வணிகர் சங்க நிர்வாகிகள் கவனத்துக்கு: சிறப்பு விருந்தினராக வந்தவர் எங்கள் உறுப்பினர்களிடம் வசூலித்த 1,13,962 ரூபாய்

உங்கள் ஊர் வணிகர் சங்கத்தில் ஆண்டு விழாவுக்கோ மாதக் கூட்டத்துக்கோ பேச்சாளர் தேடிக்கொண்டிருந்தால், அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சில்லறை வணிகர் சங்கத்துக்கு நான் இணைச் செயலாளர். 2023 ஜூனில் அந்தப் பேச்சாளரைப் பிடித்து, தேதி பேசி, முன்பணம் அனுப்பியவன் நான்தான்.

எங்கள் சங்கத்தில் 140 உறுப்பினர்கள். மளிகை, ஜவுளி, ஹார்டுவேர், பாத்திரக்கடை, ஃபேன்சி ஸ்டோர், பேக்கரி என்று எல்லாம் உண்டு. மாதக் கூட்டத்துக்கு 30 பேர் வந்தாலே பெரிய விஷயம். சந்தா பாக்கி, கடைவீதியில் வண்டி நிறுத்துவது, மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு வேன் பிடிப்பது என்று ஒவ்வொரு மாதமும் அதே பேச்சுதான். இளைய உறுப்பினர்கள் ஒருநாள் கேட்டார்கள்: ஊருக்குள் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது, கோவையில் பத்து நிமிடத்தில் வீட்டுக்கே சாமான் போகிறது, நமக்கு இதெல்லாம் விவரம் தெரிந்த ஒருவர் வந்து சொல்லித் தரக்கூடாதா என்று. நியாயமான கேள்வி. அதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சேர்ந்து கூட்டம், மதியச் சாப்பாடு, ஒரு சிறப்புப் பேச்சு என்று முடிவு செய்தோம்.

அவர் கிடைத்தது பக்கத்து ஊர்ச் சங்கத்தார் வாட்ஸ்அப்பில் போட்ட ஒரு ஃபிளக்ஸ் படத்தின் மூலம். 'வணிக வளர்ச்சி ஆலோசகர்' என்று போட்டிருந்தது. போனில் மிக மரியாதையாகப் பேசினார். பேச்சுக்கு 15,000 ரூபாய், கார் வாடகை 6,500 தனி. முன்பணம் 10,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பச் சொன்னார். பணம் போன கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "கம்பெனி அக்கவுண்ட்ல லிமிட் பிரச்சனைங்க" என்றார். அதோடு விட்டுவிட்டேன். பக்கத்து ஊர்ச் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டு, "அவர் எப்படிப் பேசினார், அப்புறம் ஏதாவது விற்றாரா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பத்தரை மணிக்குக் கூட்டம். அவர் வந்து சேர்ந்தது பன்னிரண்டே முக்காலுக்கு. பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் மைக்கைப் பிடித்த பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை, அதை நான் சொல்லியே ஆக வேண்டும். முதல் அரை மணி நேரம் உண்மையிலேயே நன்றாகப் பேசினார். கடனுக்குச் சாமான் வாங்கும் வாடிக்கையாளரை எப்படி நடத்துவது, எந்தச் சரக்கை எந்த அலமாரியில் வைப்பது என்றெல்லாம் சொன்னார். கைத்தட்டல் விழுந்தது. பிறகு மெதுவாகப் பேச்சைத் திருப்பினார்.

அந்தச் சமயத்தில் ஓஎன்டிசி பற்றி எங்கு பார்த்தாலும் பேச்சு. மத்திய அரசின் முயற்சியில் தொடங்கிய திறந்த மின் வணிக வலையமைப்பு அது. 2022இல் சோதனை முறையில் முதலில் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. அதனால் எங்கள் ஆட்களுக்குப் பெயர் தெரியும், விவரம் தெரியாது. அவர் அந்த இடைவெளியில்தான் புகுந்தார். "ஓஎன்டிசி உரிமம் இல்லாத கடை மூணு வருஷத்துல மூடிரும்" என்றார். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழ் எடுத்தால் 35 சதவீதம் மானியத்தோடு கடன் கிடைக்கும் என்றார். உணவு உரிமம், கூகுள் மேப்பில் கடைப் பெயர், ஒரு வெப்சைட் எல்லாம் சேர்த்து 4,999 ரூபாய், இன்று இங்கே கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஜிஎஸ்டி உட்பட 2,999 என்றார்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில், அவரோடு வந்த இரண்டு பெண்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சங்கத்தின் மேசை, எங்கள் சங்கத்தின் நாற்காலி. ஆதார், பான் அட்டைகளைப் போனில் படம் எடுத்தார்கள். "சார், போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் ஓடிபி கேட்டார்கள். எங்கள் ஆட்களும் சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே சொன்னார்கள். 38 பேர் கட்டினார்கள். தலைக்கு 2,999 என்றால் மொத்தம் 1,13,962 ரூபாய்.

மூன்றாம் நாளே எல்லோருக்கும் உத்யம் சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. அசல்தான். ஆனால் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பதிவு அது. ஜிஓவி டாட் இன் என்று முடியும் அரசு இணையதளத்தில் ஆதாரையும் பான் அட்டையையும் போனையும் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் தாமே இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அவர் சொன்ன மானியமும் பொய். சில்லறை, மொத்த வணிகர்களை 2021 ஜூலையில்தான் உத்யம் பதிவுக்குள் கொண்டுவந்தார்கள், அதுவும் வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயனுக்காக மட்டும். 35 சதவீதம் என்பது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கிராமப்புறத்தில் புதிதாகத் தொழில் தொடங்கும் சிறப்புப் பிரிவினருக்கான அளவு. இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் மளிகைக்கடைக்கு அது எப்படிக் கிடைக்கும்?

உணவு உரிமத்தில்தான் எனக்கு அதிகக் கோபம். ஹார்டுவேர் கடைக்காரரிடமும் ஜவுளிக்கடைக்காரரிடமும் அதற்குச் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறார். ஆணியும் வேட்டியும் விற்கிறவருக்கு உணவு உரிமம் எதற்கு? மளிகைக்கடைகளுக்கு எடுத்துக் கொடுத்ததும் தப்பாக இருந்தது. அன்றைய விதிப்படி ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் சாதாரணப் பதிவு, வருடத்துக்கு 100 ரூபாய். அதற்கு மேல் போனால் மாநில உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு வருடத்துக்கு 60 லட்சம் போல விற்பனை. அவருக்கும் 100 ரூபாய்ப் பதிவையே போட்டு, விற்றுமுதல் 10 லட்சம் என்று அவர்களாகவே எழுதிவிட்டார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கு வந்து பார்த்துவிட்டு, ஜிஎஸ்டி கணக்கில் ஒன்று, இங்கே ஒன்று என்று எப்படிக் காட்டலாம் எனக் கேட்டபோது, அந்த மனிதருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பொய்த் தகவல் அவர் பெயரில்தானே பதிவாகியிருக்கிறது?

'ஓஎன்டிசி உரிமம்' என்று வந்தது, ஃபிரேம் போட்டு மாட்டும் அளவில் ஒரு கலர் காகிதம். அப்படி ஓர் உரிமமே கிடையாது. அதில் விற்க வேண்டுமானால், அந்த வலையமைப்பில் உள்ள விற்பனையாளர் செயலி ஒன்றில் சேர்ந்து, சரக்குப் பட்டியலை ஏற்றி, விலை போட வேண்டும். அந்த வேலை எதுவும் ஒருவருக்கும் நடக்கவில்லை. வெப்சைட்டும் வரவில்லை.

கூகுள் மேப் விஷயம் வெளியே வர நான்கு மாதம் ஆனது. கடைப் பெயர்களை ஏற்றியிருந்தார்கள், ஆனால் அத்தனையும் அவர்களுடைய ஜிமெயிலில். ஜவுளிக்கடைக்காரர் போன் எண் மாற்றினார், மேப்பில் பழைய எண்ணே நின்றது. தீபாவளி நேரம் வேறு. மாற்றித் தரச் சொன்னால் வருடத்துக்கு 6,000 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் என்றார்கள். தன் கடையின் எண்ணைத் தானே மாற்ற முடியாத நிலை. இதே சிக்கலில் யாராவது இருந்தால் பணம் கட்டாதீர்கள். மேப்பில் உங்கள் கடையைத் திறந்து, உரிமை கோரும் பகுதியில் உங்கள் ஜிமெயிலிலிருந்து விண்ணப்பம் போடுங்கள். இப்போது வைத்திருப்பவருக்குத் தகவல் போகும். அவர் சில நாட்களில் பதில் சொல்லாவிட்டால், கடை உங்களுடையது என்று சரிபார்த்து நீங்களே எடுத்துக்கொள்ள வழி உண்டு. எங்களுக்கு அப்படித்தான் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது.

இதையெல்லாம் விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது, வளையல், நூல், பொட்டு விற்கும் ஓர் அக்காவின் பேச்சு. கணவர் இறந்த பிறகு ஆறு வருடமாகத் தனியாகக் கடை நடத்துகிறார். மகளிர் குழுத் தவணைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டியிருக்கிறார். நான் கடைக்குப் போய் நின்றபோது அவர் கோபப்படவில்லை. "ஏனுங்க தம்பி, நீங்க மேடையில பொன்னாடை போத்துனீங்க. அதைப் பாத்துத்தானுங்க குடுத்தேன்" என்றார்.

அந்த ஆள் தெருவில் நின்று கேட்டிருந்தால் எங்கள் கடைவீதியில் ஒருவர்கூட 2,999 ரூபாய் கொடுத்திருக்க மாட்டார். ஒரு ரூபாய் சில்லறைக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள். தலைவர் கையால் பொன்னாடை, செயலாளர் கையால் நினைவுப் பரிசு, நான் மைக்கில் வாசித்த அறிமுகம், இவற்றை நம்பித்தான் கொடுத்தார்கள். அந்த அறிமுகத்தை எழுதி அனுப்பியதும் அவரேதான். ஒரு வரியைக்கூடச் சரிபார்க்காமல் வாசித்தேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சர்டிபிகேட் வந்துருச்சுல்ல, சேவை முடிஞ்சது" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம், மனு வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது கிடைத்தது, இது சிவில் விவகாரம் என்றார்கள். 1930க்கும் கூப்பிட்டோம். அது இணையவழிப் பண மோசடிக்கான எண், பணம் போன உடனே கூப்பிட்டால்தான் அதிகப் பயன், நாங்கள் கூப்பிடும்போது மாதங்கள் ஆகிவிட்டன.

கடைசியில் உதவியது அவர் கொடுத்த ரசீதுதான். அதில் 33 என்று தொடங்கும், அதாவது தமிழ்நாட்டு, ஜிஎஸ்டி எண் இருந்தது. ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்ளே நுழையாமலேயே யாருடைய எண்ணையும் தேடிப் பார்க்கலாம். பார்த்தால், அந்தப் பதிவு எங்கள் கூட்டத்துக்கு முன்பே ரத்தாகியிருந்தது. பதிவு இல்லாதவர் வரி என்று சொல்லிப் பணம் வாங்குவதை ஜிஎஸ்டி சட்டத்தின் 32ஆம் பிரிவு தடுக்கிறது. 38 பேரில் 29 பேரிடம் மட்டுமே ரசீது பத்திரமாக இருந்தது. அவற்றின் நகலோடு வணிகவரி அலுவலகத்தில் மனு கொடுத்து, மனுவைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்பினோம். இரண்டு வாரத்தில் 11 பேருக்குப் பணம் வந்தது. மீதி 27 பேருக்கு இன்றுவரை வரவில்லை.

ஓடிபி கொடுத்தவர்கள் பயந்து போயிருந்தார்கள், தங்கள் பெயரில் கடன் ஏதும் எடுத்திருப்பார்களோ என்று. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லோருக்கும் எடுத்துப் பார்த்தோம். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை.

இதையெல்லாம் இவ்வளவு காலம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். பொதுக்குழுவில் வரவு செலவு வைத்தபோது பேச்சாளர் செலவு 21,500 ரூபாய் என்ற வரியில் பெரிய சண்டை வந்தது. வெளியே தெரிந்தால் சங்கத்துக்கு அசிங்கம், இதோடு விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் சரி என்றேன். பிறகுதான் பக்கத்து ஊர்ச் செயலாளரிடம் பேசினேன். அங்கும் 22 பேர் கட்டியிருக்கிறார்கள். அவர்களும் அசிங்கம் என்று வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வாய் திறந்திருந்தால் எங்கள் அக்காவின் பணம் போயிருக்காது. போன மாதம் உடுமலைப் பக்கம் ஒரு சங்கத்தின் அழைப்பிதழில் அதே முகத்தைப் பார்த்தேன். அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அதன் பிறகும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

இப்போது எங்கள் சங்கத்தில், பேச வருகிறவர் மண்டபத்தில் எதையும் விற்கக் கூடாது, யாருடைய ஆதாரையும் வாங்கக் கூடாது என்று தீர்மானம் போட்டு, அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தேதி கொடுக்கிறோம். முன்பு அவர் பேசிய இரண்டு சங்கங்களையாவது போனில் கேட்காமல் முன்பணம் போகாது. உண்மையில் எங்களுக்கு வேண்டிய பேச்சாளர்கள் பாதிப் பேர் காசே வாங்காதவர்கள். சங்க லெட்டர் பேடில் ஒரு கடிதம் கொடுத்தோம், உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். மாவட்டத் தொழில் மையத்திலிருந்து ஒருவர் வந்து எந்தக் கடன் யாருக்கு என்று ஒன்றரை மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அடுத்து, மாவட்டத்தில் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் கேட்டிருக்கிறோம்.

அந்த ஆளின் பெயரை இங்கே போடவில்லை, மனு விசாரணையில் இருக்கிறது. ஆனால் 2,999 ரூபாய்ப் பொட்டலம், உத்யமும் உணவு உரிமமும் ஓஎன்டிசி உரிமமும் சேர்த்து, இன்று மட்டும் இந்த விலை என்று உங்கள் ஊரில் யாராவது பேசியிருந்தால், ரசீதைத் தேடி எடுங்கள், அதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணைத் தேடிப் பாருங்கள். வணிகவரி அலுவலகத்துக்கு நாங்கள் எழுதிய மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன், ஊர்ப் பெயரையும் கடைப் பெயரையும் மாற்றிக்கொண்டால் போதும்.