வாக்குமூலமா, வழக்குக் கோப்பா? இரண்டு பதின்பருவ மர்ம நாவல்கள்

பள்ளி மாணவர்களின் ரகசியங்களையும் சந்தேகத்துக்குரிய ஒரு சாவையும் வைத்துப் பின்னப்பட்ட ஆங்கில நாவல்களில் எதை முதலில் படிப்பது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பெயர்கள் முந்திக்கொண்டு வரும். ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் கேரன் எம். மெக்மானஸ் 2017இல் வெளியிட்ட ‘ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்’. மற்றொன்று, இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாலி ஜாக்சனின் 2019ஆம் ஆண்டு நாவலான ‘எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்’. இரண்டுமே அந்தந்த ஆசிரியரின் முதல் நாவல். கடைகளில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்படுபவை. ஆயினும், வாசகரிடம் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதில் இரண்டும் நேரெதிர்த் திசையில் செல்கின்றன. முடிவுகளை உடைக்காமல் அந்த வேறுபாட்டை மட்டும் இங்கே பார்க்கலாம்.

மெக்மானஸின் கதை கலிஃபோர்னியாவில் உள்ள பேவியூ என்ற கற்பனை ஊரின் பள்ளியில், செப்டம்பர் 24 திங்கட்கிழமை பிற்பகல் 2.55 மணிக்குத் தொடங்குகிறது. வகுப்புக்குக் கைப்பேசி கொண்டுவந்த குற்றத்துக்காக ஐந்து மாணவர்கள் பள்ளி முடிந்த பின்னும் ஓர் அறையில் உட்காரவைக்கப்படுகிறார்கள். அவர்களுள் சைமன் என்பவன், சக மாணவர்களின் அந்தரங்கங்களை அம்பலப்படுத்தும் கிசுகிசுச் செயலி ஒன்றை நடத்துபவன். மற்ற நால்வரையும் பார்த்து இளவரசி, விளையாட்டு வீரன், படிப்பாளி, குற்றவாளி என்று முத்திரை குத்திவிட்டு, எல்லாம் அறிந்த கதைசொல்லி என்று தன்னையே சொல்லிக்கொள்ளும் அவன், ஒரு கோப்பைத் தண்ணீரைக் குடித்த சற்று நேரத்தில் மூச்சுத் திணறி விழுகிறான். வேர்க்கடலை அவனுக்குக் கடுமையான ஒவ்வாமை; கோப்பையில் கடலை எண்ணெய் இருந்திருக்கிறது; அவசரத்துக்குப் போட வேண்டிய எபிபென் ஊசிகள் பள்ளிச் செவிலியர் அறையில் இல்லை. நம் வீட்டுச் சமையலில் சாதாரணமாகப் புழங்கும் ஒரு பொருளைக் கொலைக் கருவியாக்கியிருக்கும் இந்தத் தொடக்கத்துக்கு, நான் படித்த பதின்பருவ மர்மக் கதைகளில் ஈடு குறைவு.

எல்லாம் அறிந்த கதைசொல்லி செத்துப்போனதும், மிஞ்சிய நால்வரும் மாறி மாறித் தன்மையில் கதை சொல்கிறார்கள். மெக்மானஸின் பலம், பலவீனம் இரண்டும் இந்த உத்தியிலேயே இருக்கின்றன. காவல்துறையின் சந்தேக வளையத்தில் இருக்கும் நால்வரின் மனத்துக்குள்ளும் நாம் உட்கார்ந்திருப்பதால், அவர்கள் மேல் பரிவு தானாக வந்துவிடுகிறது. ஆனால், மனத்துக்குள் இருக்கும் வாசகரிடமிருந்தே ஒரு பாத்திரம் தன்னைப் பற்றிய முக்கியமான செய்தியைப் பாதி நாவல் வரை மறைத்து வைப்பதை எப்படி ஏற்பது? பிறரிடம் மறைக்கிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமலும் இருப்பான் என்று வாதிடலாம். எனக்கு அது சொற்களை நெளித்துச் செய்த வித்தையாகவே பட்டது. அதைவிடப் பெரிய குறை, மனச்சோர்வைக் கதையின் முடிச்சை அவிழ்க்கும் சாவியாகப் பயன்படுத்திய விதம். அந்த இடம் இன்னும் நிதானமாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஜாக்சனின் நாவலில் சாவு புதிதன்று. ஊர் அதைத் தீர்ப்பெழுதி மூடிவிட்டது. லிட்டில் கில்டன் என்ற கற்பனையான ஆங்கிலேயச் சிற்றூரில் 2012 ஏப்ரலில் ஆண்டி பெல் என்ற மாணவி காணாமல் போகிறாள். அவளுடைய காதலன் சால் சிங் தன் தந்தைக்குக் குறுஞ்செய்தியில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு இறந்துபோனான் என்பது ஊரறிந்த கதை. ஆண்டியின் உடல் கிடைக்கவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவனே இறந்துவிட்டதால் வழக்கு விசாரணையும் நடக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு பிப் என்ற பதினேழு வயது மாணவி, இங்கிலாந்தில் மேல்நிலை மாணவர்கள் தாமே தலைப்பைத் தேர்ந்து செய்யும் ஆய்வேட்டுக்கு இந்தச் சாவையே பொருளாக எடுத்துக்கொள்கிறாள்.

நாவலின் கணிசமான பகுதி அந்த ஆய்வின் பதிவேடுதான்: நேர்காணல்களின் எழுத்து வடிவம், வரைபடம், நீண்டுகொண்டே போகும் சந்தேக நபர்களின் பட்டியல். பிப் பார்க்கும் காகிதத்தை நாமும் பார்க்கிறோம்; அவள் தவறாகக் கணிக்கும்போது நாமும் அதே ஆதாரத்தை வைத்துத் தவறுகிறோம். மெக்மானஸிடம் நான் குறைபட்ட நேர்மை இங்கே முழுமையாக இருக்கிறது. கதையின் உயிர் மட்டும் காகிதத்தில் இல்லை. பிப் முதன்முதலாகச் சாலின் தம்பி ரவியைப் பார்க்கப் போகும்போது, கையில் மஃபின்களுடன் வாசலில் நின்று வார்த்தை வராமல் தடுமாறுகிறாள். அது ஊரார் பேய் வீடு போலக் கடந்துசெல்லும் வீடு. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அந்தக் குடும்பம் மகனையும் இழந்து, மகனுக்காக அழும் உரிமையையும் இழந்து அங்கே வாழ்கிறது. பேவியூவின் நால்வருக்குத் தங்கள் பக்கத்தைச் சொல்ல வாய் இருக்கிறது. சாலுக்கு அது இல்லை என்பதால் இந்த நாவலின் புலனாய்வுக்குத் தனிக் கனம் சேர்கிறது.

குறைகள் இதிலும் உண்டு. நடுப்பகுதியில் சந்தேக நபர்கள் கூடிக்கொண்டே போவதால் ஒருவரையொருவர் குழப்பிக்கொள்ள நேர்கிறது. பொய்ப் பெயரில் தொலைபேசியில் பேசித் தகவல் கறக்கும் பிப்பை நாவல் அதிகம் கண்டிப்பதும் இல்லை. ஓர் இரவில் முடித்துவிட வேண்டும் என்றால் மெக்மானஸ்தான் வேகம். தாளும் பேனாவுமாக உட்கார்ந்து குற்றவாளியைத் தேட விரும்புவோருக்கு ஜாக்சன். என்னிடம் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளச் சொன்னால், இரண்டாவதை எடுத்துக்கொள்வேன்.

மெக்மானஸின் கதை 2021இல் பீகாக் தளத்திலும், ஜாக்சனின் கதை 2024இல் பிபிசி த்ரீயிலும் தொடர்களாக வந்தன. இரண்டையும் புத்தகத்துக்குப் பிறகு பார்ப்பதே நல்லது. ஜாக்சனை வாங்குவோர் பதிப்பையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் அமெரிக்கப் பதிப்பில் ஊர் கனெக்டிகட்டில் உள்ள ஃபேர்வியூவாக மாற்றப்பட்டிருக்கிறது. அந்த மாற்றத்தில், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஆங்கிலேயச் சிற்றூரின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. ஜாக்சன் பிப்பை வைத்து எழுதிய வரிசையின் மூன்றாவது நாவல் மிகவும் இருண்டது என்பதால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அதை இப்போதே வாங்கித் தர வேண்டாம். இரண்டாவது நாவலோ முதலாவதன் குற்றவாளியைத் தொடக்கப் பக்கங்களிலேயே வெளிப்படுத்திவிடுகிறது. கடையில் அதைக் கையில் எடுப்பவர்கள் அட்டையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நலம்.