பக்கத்து டாக்டரா, சென்னை நிபுணரா? பையனின் மலச்சிக்கலும் எங்கள் அலைச்சலும்

பையனுக்கு அப்போது நாலு வயது. வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறைதான் ஆய் போவான். கதவுக்குப் பின்னால் போய் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்பான். முக்குகிறான் என்று நினைத்தோம். அவன் அடக்கிக்கொண்டிருந்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

விழுப்புரத்தில் இருக்கும் எங்களுக்கு மூன்று வழி இருந்தது: பக்கத்துக் குழந்தை டாக்டர், இதே ஊரில் பெரியவர்களைப் பார்க்கும் குடல் டாக்டர், சென்னையில் குழந்தைகளுக்கென்றே உள்ள குடல் நிபுணர். மூன்று பேரிடமும் போய்விட்டோம். செலவு, தூரம் இரண்டிலும் பக்கத்து டாக்டர்தான், அதில் பேச்சே இல்லை. பெரியவர்கள் டாக்டர் எடுத்த எடுப்பிலேயே ஸ்கோப், அதாவது கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்க்கலாம் என்றார். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டுமே என்று திரும்பிவிட்டோம்.

என் ஓட்டு சென்னைக்கு. காரணம் ஒன்றே ஒன்று: மருந்தை எத்தனை நாள் கொடுப்பது, யார் அதைக் கூடவே இருந்து பார்ப்பது.

உள்ளூரில் ஐந்து நாள் சிரப் கொடுப்பார்கள். போய்விடும், நிறுத்துவோம், இரண்டே வாரத்தில் பழைய கதை. நடுவில் ஜட்டியில் தண்ணியாகக் கசிய ஆரம்பித்தது. பேதி என்று அதற்கும் மருந்து கொடுத்தார்கள். உள்ளே கெட்டியாக அடைத்திருந்ததைச் சுற்றிக்கொண்டு வழிந்ததாம் அது!

நிபுணர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறந்து எத்தனை மணி நேரத்தில் முதல் மலம் போனான் என்று கேட்டார். 48 மணி நேரம் தாண்டியிருந்தால் பிறவியிலேயே குடல் நரம்பில் கோளாறு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமாம். இவன் முதல் நாளே போய்விட்டான், அதனால் டெஸ்ட் எதுவும் இல்லை. பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரை முதல் சில நாள் கூடுதலாகக் கொடுத்து அடைப்பை எடுத்தார். அப்புறம் தினமும் குறைந்த அளவு. "நல்லாயிடுச்சுன்னு நிறுத்திடாதீங்கம்மா" என்று மூன்று தரம் சொன்னார். விரிந்துபோன மலக்குடல் சுருங்கி, உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கு ஆகும். குறைந்தது இரண்டு மாதம் கொடுத்து, ஒரு மாதமாவது தொந்தரவே இல்லாமல் இருந்த பிறகுதான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எங்களுக்கு ஒன்பது மாதம் பிடித்தது. தினசரி காலண்டரில் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை போனில் சொல்வேன். அரை ஸ்பூன் கூட்டு, அரை ஸ்பூன் குறை என்பார். "பழகிடும், நிறுத்து" என்றார் மாமியார். அந்தப் பவுடர் உடம்பில் பெரும்பாலும் சேராது, மலத்தில் தண்ணீரைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான்.

சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும் என்பதால், காலை இட்லி முடிந்ததும் காலுக்கடியில் குட்டி ஸ்டூல் போட்டு ஐந்து நிமிடம் உட்கார வைத்தோம். அவன் தினமும் குடித்த முக்கால் லிட்டர் பாலையும் அரை லிட்டராகக் குறைத்தோம்.

அதற்காக நேரே சென்னைக்கு ஓடச் சொல்லவில்லை. பக்கத்து டாக்டர் பொறுமையாக மாதக்கணக்கில் பார்ப்பவர் என்றால் அவரே போதும். சரியாகவில்லை, மலத்தில் ரத்தம், எடை ஏறவில்லை, பச்சையாக வாந்தி, வயிறு உப்பல் என்றால் தள்ளிப்போடாதீர்கள். பச்சை வாந்திக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி. காசு இடித்தால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, ரயிலில் இறங்கினால் பக்கம்தான்.

என் அனுபவம் மலச்சிக்கலோடு சரி. கல்லீரல் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்வேன், அதுவும் அந்த டாக்டர் சொல்லிக் கேட்டதுதான்: பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை, மலமும் வெளுப்பாக இருந்தால் பக்கத்து டாக்டரா, தூரத்து டாக்டரா என்று யோசிக்கவே கூடாது. பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால் 60 நாளுக்குள் ஆபரேஷன் செய்வதுதான் நல்லது.