கொடைக்கானல் ஏரிச் சாலை: தை மாதக் காலையில் பறவை பார்க்கத் தேறுமா?

ஏரியைச் சுற்றி ஓடும் சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். பறவை பார்க்க வருபவர்கள் இங்கே செய்யும் முதல் தப்பு, அந்த ஐந்தையும் ஒரே நடையில் சுற்றி முடிப்பது. ஒன்றரை மணி நேரத்தில் வட்டம் அடித்துவிட்டு, ‘காக்காயும் சின்னானும்தான் இருந்தது’ என்று டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள். குறை சாலையில் இல்லை, நடையில் இருக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தை இரண்டு மணி நேரத்தில் நடப்பவருக்கு இது வேறு சாலை.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். தை, மாசி மாதங்களில் வார நாள் காலை என்றால் ஐந்துக்கு நான்கு. அதே மாதங்களில் ஞாயிறு என்றால் இரண்டரை. மே மாதம் என்றால் ஒன்று. அந்த ஒன்றும் காற்றுக்காக.

வலசைப் பறவைகள் புரட்டாசி, ஐப்பசியிலேயே மலைக்கு வந்துவிடும். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை மூடுபனியும் தூறலும் மாறி மாறி வரும். மரத்தின் உச்சி தெரியாது. மார்கழி பாதிக்கு மேல்தான் வானம் வெளுக்கும். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். இங்கே புல்வெளியில் உறைபனி வெள்ளையாகவே படிந்திருக்கும். அந்தக் குளிரில் பூச்சிகள் அசையாது. பூச்சி அசையாத வரை குருவியும் இறங்காது. அதனால் ஐந்தரைக்கு எழுந்து ஓடி வருவதில் லாபமில்லை. ஏழு மணிக்கு நின்றால் போதும். ஏழேகாலிலிருந்து ஒன்பதரை வரைதான் நல்ல நேரம். அதற்குப் பிறகு வாடகை சைக்கிளும் குதிரையும் ஹாரனும் சாலையை எடுத்துக்கொள்ளும்.

எந்தக் கரை என்பது நேரத்தைவிட முக்கியம். படகுத்துறையும் பிரையண்ட் பூங்காவும் ஏரிக்குக் கிழக்கே இருக்கின்றன, கூட்டமும் அங்கேதான். காலையில் எதிர்க்கரைக்குப் போய்விடுங்கள். கிழக்குப் பக்கம் மேடு மறைப்பதால் முதல் வெயில் மேற்குக் கரைச் சரிவில் உள்ள மர உச்சிகளில்தான் விழும். ஏரிக்கு முதுகைக் காட்டி, சரிவைப் பார்த்து நின்றால் வெயில் உங்கள் முதுகில், பறவை வெளிச்சத்தில். வெயில் பட்ட மரத்தில் பூச்சி கிளம்பும், பூச்சியைத் தேடிக் கூட்டம் வரும். அங்கிருந்தே தண்ணீரைப் பார்த்தால் எதிர்வெயிலில் எல்லாம் கரும்புள்ளியாகத்தான் தெரியும். நீர்க்காகத்தையும் மீன்கொத்தியையும் திரும்பும்போது கிழக்குக் கரையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் இந்தச் சாலையின் சரக்கு கலப்புக் கூட்டம்தான். பல இனக் குருவிகள் சேர்ந்து இரை தேடிக்கொண்டே மரம் மரமாக நகரும். முதலில் காதில் விழுவது வெள்ளைக்கண்ணிகளின் மெல்லிய சிணுங்கல். அதைக் கேட்டதும் நடையை நிறுத்துங்கள். பின்னாலேயே பட்டாணிக்குருவி, சாம்பல்தலை ஈபிடிப்பான், தலைகீழாக மரத்தில் இறங்கும் வெல்வெட் நெற்றிப் பசையெடுப்பான் வரும். உச்சியில் இலைக்கதிர்க்குருவிகள் இருக்கும். மொத்தக் கூட்டமும் மூன்று நான்கு நிமிடத்தில் கடந்துவிடும். துரத்திப் போகாதீர்கள். சாலை வளைவில் அதே இடத்தில் இருபது நிமிடம் நின்றால் அதே கூட்டம் பெரும்பாலும் திரும்பி வரும். முதல் சுற்றில் எத்தனை வகை என்று எண்ணுங்கள், பெயரை இரண்டாம் சுற்றில் வையுங்கள்.

பலரும் கைவிடுவது இலைக்கதிர்க்குருவிகளிடம். எல்லாமே பச்சை, எல்லாமே துறுதுறு. நிறத்தை விட்டுவிட்டு சிறகையும் குரலையும் பிடித்தால் வழி இருக்கிறது. சிறகில் பட்டையே இல்லாமல், அடிப்பக்கம் நல்ல மஞ்சளாக, ‘செட்’ என்று கரடுமுரடாக ஒற்றைக் குரல் கொடுத்தால் டிக்கெல் இலைக்கதிர்க்குருவி. மெல்லிய ஒற்றைப் பட்டையும் ‘சி-வீ’ என்ற இரட்டை அசையும் இருந்தால் பச்சைக் கதிர்க்குருவி. தடித்த அலகும் கருத்த கண்கோடும், தெளிவான சீழ்க்கை போன்ற குரலும் என்றால் பெரிய அலகுக் கதிர்க்குருவி. பட்டையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். மாசி வாக்கில் இறகு தேய்ந்து பட்டை மங்கிவிடும்.

தண்ணீர் ஓரத்தில் வால் ஆட்டும் மஞ்சள் வயிற்றுக் குருவியைப் பார்த்தவுடன் ‘மஞ்சள் வாலாட்டி’ என்று பட்டியலில் எழுதுவது இன்னொரு வழக்கமான தப்பு. முதுகு சாம்பல், வால் உடம்பைவிட நீளம், வாலடியில் மஞ்சள் அடர்த்தி, கால் வெளிர் நிறம் என்றால் அது சாம்பல் வாலாட்டி. மஞ்சள் வாலாட்டிக்குக் கால் கருப்பு, வாலும் குட்டை. குதிரைச் சாணம் கிடக்கும் இடத்தில் ஈ மொய்க்கும், அங்கே வாலாட்டியும் இருக்கும். நடப்பவர்கள் திட்டும் சாணத்தால் நமக்கு இப்படி ஒரு நன்மை.

புதர் ஓரத்தில் கூட்டமாகச் சிரிப்பது போலக் கேட்டால் அது பழனிச் சிரிப்பான். ஊட்டியில் பார்த்த நீலகிரிச் சிரிப்பானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே அது, தெற்கே இது. நீலகிரிக்காரனுக்கு நெஞ்சு செம்பழுப்பு. இங்குள்ளதற்கு நெஞ்சு சாம்பல், வயிறு மட்டும் செம்பழுப்பு, கண்மேல் வெள்ளைப் புருவம். காஷ்மீர் ஈபிடிப்பானைத் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பேர்போனது ஊட்டிதான்.

கருவி விஷயம். இந்தச் சாலைக்கு 8x42 பைனாகுலர்தான் சரி, அதாவது எட்டு மடங்கு பெருக்கம், முன்வில்லை 42 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5.25 மில்லிமீட்டர், மர நிழலிலும் மூடுபனியிலும் அந்த வெளிச்சம் தேவைப்படும். சட்டைப் பையில் அடங்கும் 10x25-இல் அது 2.5 மில்லிமீட்டர்தான், காலை ஏழரைக்கு எல்லாப் பறவையும் ஒரே நிறமாகத் தெரியும். போதாக்குறைக்கு, பத்து மடங்கு பெருக்கத்தில் குளிரில் நடுங்கும் கையும் பத்து மடங்கு தெரியும். கண்ணாடி போடுபவர்கள், கண்ணுக்கும் கண்வில்லைக்கும் நடுவே விடக்கூடிய இடைவெளி (eye relief) 15 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். கண்வில்லையில் மூச்சு பட்டுப் படலம் கட்டினால் சட்டையால் தேய்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள், தானாகப் போய்விடும். அறைக்குத் திரும்பியதும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த கண்ணாடி சூடான காற்றைச் சந்தித்தால் வியர்த்துவிடும். வியர்வை வில்லைக்கு உள்பக்கம் தெரிந்தால் காற்றுக்காப்பு போய்விட்டது, பழுது பார்க்கக் கொடுக்க வேண்டியதுதான். பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலியைக் குறிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புக்கு அல்ல. பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது வேண்டவே வேண்டாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. பல இடங்களில் நடைபாதையும் வண்டிப் பாதையும் ஒன்றாகிவிடுவதால், மேலே பார்த்துக்கொண்டே பின்னால் நகர்வது ஆபத்து. குரங்குக்குத் தின்பண்டம் தெரியக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது காட்டுமாடு. ஊருக்குள் அவை இரவில் மேய்ந்துவிட்டு விடிந்தும் சாலையோரம் நிற்பது உண்டு. மூடுபனியில் கருப்பாக ஏதாவது அசையாமல் நின்றால் பாறை என்று முடிவு கட்டாமல், வந்த வழியே திரும்புங்கள். படகுச் சவாரி பறவைக்கு உதவாது. ஆட்டத்தில் பைனாகுலர் நிற்காது, படகுகள் இறங்கியதும் நீர்க்காகமும் ஒதுங்கிவிடும்.

பிரையண்ட் பூங்கா தேன்சிட்டுக்கு நல்லது. ஆனால் அது திறக்கும்போது காலை பாதி போயிருக்கும். மலை விளிம்பில் ஓடும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் பள்ளத்தாக்கைக் கீழ்நோக்கிப் பார்க்கலாம் என்பதால் வல்லூறும் கழுகும் முதுகு காட்டிப் பறப்பதைக் காண வாய்ப்பு உண்டு. கருப்பு ஆரஞ்சு ஈபிடிப்பான் போன்ற சோலைப் பறவைதான் வேண்டும் என்றால் ஏரியில் நேரத்தைக் கொட்டாதீர்கள், பாம்பே சோலைக் காட்டின் ஓரத்துக்குப் போங்கள்.

மலையேறும் வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். முந்தைய நாளே எடுத்துவிடுங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் பாட்டில் போதும். பொங்கல் விடுமுறையில் வருபவர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும். அந்த 15 நிமிடத்தை மேற்குக் கரையில், வெயில் விழுந்த முதல் மரத்தடியில் தொடங்குங்கள்.