மேல்மலையில் குழந்தைகளோடு டென்டில் தங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம், அதாவது பூம்பாறை, மன்னவனூர், பூண்டி வட்டாரத்தில், 'ஃபேமிலி கேம்ப்' என்று இன்ஸ்டாகிராமில் நிறைய விளம்பரங்கள் வருகின்றன. போன டிசம்பர் விடுமுறையில் அப்படி ஒன்றில் பணம் கட்டிப் போனோம். பணம் போனதைவிடப் பெரிய விஷயம், என் இரண்டு பிள்ளைகளின் உயிரோடு அந்த ஆட்கள் விளையாடினார்கள். மூத்தவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 4.

கேம்ப்பின் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, அதே படங்களை வைத்து வேறு வேறு பெயரில் பக்கங்கள் ஓடுகின்றன. அதனால் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

பெரியவர்களுக்கு தலைக்கு 1,800 ரூபாய், குழந்தைக்கு 900. டென்ட், ஸ்லீப்பிங் பேக், மூன்று வேளைச் சாப்பாடு, கேம்ப்ஃபயர், வழிகாட்டியோடு டிரெக்கிங் எல்லாம் இதில் அடக்கம் என்றார்கள். சின்னவனின் வயதைச் சொல்லித்தான் கேட்டேன். "குழந்தைகளுக்கு ரொம்ப சேஃப் மேடம், 2 கிலோமீட்டர் ஈசி வாக்தான்" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. பாதிப் பணத்தை அட்வான்ஸாக ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு வாங்கிக்கொண்டார்கள். இ-பாஸ் எடுத்துத் தருவதற்கு என்று தனியாக 200 ரூபாய் கேட்டார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்தில் இருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம்தான், ஆனால் அது இலவசம். நாமே இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் காரை நிறுத்தச் சொன்னார்கள். மேலே கார் ஏறாதாம், ஜீப்புக்குத் தனியாக 1,500. பேச்சில் இந்த ஜீப் வரவே இல்லை. மிச்சப் பணத்தையும் அங்கேயே வாங்கிக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுத்தார்கள்.

மேலே போய்ப் பார்த்தால், பூண்டு அறுத்துவிட்ட சரிவான வயலில் வரிசையாக டென்டுகள். நான்கு பேருக்கானது என்று கொடுத்ததில் இரண்டு பேர் காலை நீட்டினால் இடம் முடிந்துவிடும். மழைக்கும் பனிக்கும் மேலே போட வேண்டிய இரண்டாவது விரிப்பு ஒன்றிலும் இல்லை. அடியில் போட மெத்தை இல்லை, ஒரு தார்ப்பாய்தான். ஸ்லீப்பிங் பேக்குகள் முந்தைய ஆட்கள் படுத்த ஈரத்தோடு இருந்தன. அத்தனை பேருக்கும் ஒரே ஒரு தகரக் கழிப்பறை.

சாயங்காலம் டிரெக்கிங் என்று ஒரு பையனை அனுப்பினார்கள். பதினெட்டு வயதுகூட இருக்காது. கொஞ்ச தூரம் வயல் வரப்பில் நடந்தோம், அப்புறம் அவன் சோலைக்காட்டுக்குள் இறங்கினான். செங்குத்தான இறக்கம், காலுக்கடியில் வேரும் ஈரமும். என் கணவர் சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். வழியில் புதுச் சாணம் கிடந்தது. "காட்டு மாடு, ஒண்ணும் பண்ணாது சார்" என்றான் அந்தப் பையன். மேல்மலையில் காட்டெருமை முட்டி ஆட்கள் காயப்படுவதும் இறப்பதும் செய்தியில் வராத ஆண்டே கிடையாது. நாங்கள் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து இரண்டு வனக்காவலர்கள் ஏறி வந்தார்கள். அவர்களைக் கண்டதும் பையன் ஓடிவிட்டான். குழந்தைகளோடு எங்களைக் காட்டுக்குள் விட்டுவிட்டு.

அது காப்புக்காடு, அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம் என்று காவலர்கள் சொல்லித்தான் தெரிந்தது. இந்த வட்டாரத்துக் காடுகளில் கணிசமான பகுதி 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. அவர்கள் நியாயமாக நடந்துகொண்டார்கள். பிள்ளைகளைப் பார்த்து அபராதம் போடாமல், வயல் வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேறப் போனவர்கள் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. இத்தனைக்குப் பிறகும் நான்கு வயதுக் குழந்தையை அனுமதி இல்லாத காட்டுக்குள் காசு வாங்கிக்கொண்டு இறக்குகிறார்கள் என்றால் என்ன சொல்வது!

உடனே கிளம்புகிறோம் என்றோம். காலையில்தான் ஜீப் வரும் என்றார்கள்.

இரவு நடந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். கேம்ப்ஃபயரைச் சுற்றி குடித்துவிட்டு ஆடும் கூட்டம், பெரிய ஸ்பீக்கர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், டிசம்பர் மாதம், மேல்மலையில் பள்ளமான இடங்களில் உறைபனியே விழும். சின்னவன் உதடு நீலம் பாரித்து நடுங்க ஆரம்பித்தான். கம்பளி கேட்டதற்கு இல்லை என்றார்கள். பதிலுக்கு ஓர் ஆள் பார்பிக்யூ போட்ட தட்டில் கரித்தணலை அள்ளிக்கொண்டு வந்து, "டென்டுக்குள்ள வச்சு ஜிப்பை மூடிக்கோங்க மேடம், கதகதப்பா இருக்கும்" என்றான்.

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவே. கரித்தணலில் புகை அடங்கிய பிறகும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, கண் எரியாது. மூடிய இடத்தில் தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். வேகமாக மூச்சு விடும் சின்னப் பிள்ளைகளை அது இன்னும் சீக்கிரம் பாதிக்கும். 2024இல் இதே கொடைக்கானலில் சுற்றுலா வந்த இரண்டு பேர், அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி இறந்து போனார்கள். நான் தட்டைத் திருப்பி அனுப்பினேன். பக்கத்து டென்டில் அதை வாங்கி வைத்திருந்தார்கள். என் கணவர் போய் விஷயத்தைச் சொல்லி, வெளியே எடுக்க வைத்தார்.

அங்கே சமைத்துக்கொண்டிருந்த உள்ளூர் அம்மா ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, புள்ளைகளை வச்சுக்கிட்டு இந்தக் குளிர்ல எப்படிம்மா படுப்பீங்க? வாங்க, நம்ம வீட்டுல படுங்க" என்று வயலுக்குக் கீழே இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பூண்டு மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்து, கம்பளி கொடுத்து, சின்னவனுக்குச் சுடச்சுடக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

ஊர் திரும்பிப் பணத்தைக் கேட்டால் முதலில் மழுப்பினார்கள், பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால், டென்ட் போட்டிருக்கும் இடம் பட்டா நிலமா, தங்க வைக்க அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இரவுக் குளிருக்கு என்ன தருகிறார்கள் என்று படத்தோடு கேளுங்கள். காட்டு நடைக்கு வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். நடைதான் முக்கியம் என்றால் அரசே 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, எளிதான பாதை எது கடினமான பாதை எது என்ற பிரிவு எல்லாம் உண்டு. காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே சொல்லுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கொடைக்கானலுக்கு அலைய வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, விளம்பரப் படம், அங்கே எடுத்த உண்மைப் படம் எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் புகாரோடு இணைத்திருப்பவை இவைதான்.