சாய்மனைக் கதிரையின் கைக்காக வாங்கிய ஸ்போக் ஷேவ்

என் பாட்டனாரின் சாய்மனைக் கதிரை யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது அதன் வலக்கை நீளவாக்கில் பிளந்திருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அண்மையில் வேலை செய்யும் தச்சர், பலாப் பலகையை வளைவாக அரிந்து, கிரைண்டரில் அரத்தாள் வட்டைப் பூட்டி, ஒரு மணித்தியாலத்தில் உருட்டித் தருவதாகச் சொன்னார். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் உடையாத இடக்கையின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் புலப்படுகிற ஒடுங்கிய பட்டைகள் வளைவு நெடுகிலும் ஓடின. கூரான அலகு ஒன்று ஒவ்வொரு சீவலிலும் விட்டுப்போன தடயம் அது. அரத்தாளால் அப்படி ஒரு தடயத்தை விட முடியாது. அதே மாதிரி ஒரு கையை நானே செய்வதென்று தீர்மானித்து, அதற்கென ஸ்போக் ஷேவ் என்ற, வளைவைச் சீவும் கைக்கருவி ஒன்றை வாங்கினேன். ஆறு மாதங்கள் அதைப் பயன்படுத்தியதில் கண்டவற்றை, வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைச் சீவப் பயன்பட்டதால் இக்கருவிக்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர் வந்தது. இரு பக்கமும் சிறகுபோல விரிந்த பிடிகள், நடுவில் ஒரு சிறிய அலகு, அதன் முன்னும் பின்னுமாக இரு விரல் அகலம்கூட இல்லாத அடிப்பக்கம். கருவி முழுவதும் அவ்வளவுதான். சாதாரணச் சீவுளிக்கு நீண்ட அடிப்பக்கம்தான் பலம். மேடுகளின்மேல் அது பாலம்போலப் படுத்துக்கொண்டு, மேட்டை மட்டும் சீவிப் பலகையைச் சமமாக்குகிறது. குழிந்த வளைவில் அதே நீளம் தடையாகிவிடும். அலகு மரத்தைத் தொடவே தொடாது. ஸ்போக் ஷேவின் அடிப்பக்கம் குட்டையாக இருப்பதால் அது வளைவோடு இறங்கி, வளைவோடு ஏறுகிறது.

கருவியைத் தேடிப் பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். முதல் இரண்டு கடைகளில் பெயரைச் சொன்னவுடன் முழிக்கத் தொடங்கினார்கள். மூன்றாவது கடையில் கையால் சைகை காட்டியதும், உள்ளே நின்ற பையன் "பொடி யத்த" (சிறிய சீவுளி) என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே மேல்தட்டிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளை இறக்கினான். ஒன்றின் அடிப்பக்கம் தட்டை, மற்றதன் அடிப்பக்கம் உருண்டை. எதை முதலில் வாங்குவது என்று முதலாளியைக் கேட்டேன். "தம்பி, நான் இரும்பு விக்கிறவன், மரம் சீவுறவன் இல்ல. ரெண்டையும் கொண்டு போங்க" என்றார். நான் இரண்டையும்தான் வாங்கினேன். அது தேவையற்ற செலவு என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டும் ஸ்டான்லி 151 என்ற பழைய மாதிரியைப் பார்த்து வார்க்கப்பட்டவை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இயங்கிய ரெக்கார்ட் நிறுவனமும் ஏ151 என்ற பெயரில் இதே அமைப்பைச் செய்தது; பிற நாடுகளில் பெயரில்லாமல் வார்க்கப்படுவனவும் பெரும்பாலும் இதன் வழி வந்தவையே. பிடியின் நுனியிலிருந்து நுனிவரை ஏறத்தாழ 10 அங்குலம், அலகின் அகலம் 2 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். அலகு 45 பாகை சரிவில் படுத்திருக்கும். அதன் மேல்முனையில் வெட்டப்பட்ட இரு காடிகளில் இரண்டு நட்டுகள் பொருந்தி, அலகை ஏற்றவும் இறக்கவும் உதவும். இந்த இரட்டை நட்டுதான் இம்மாதிரியின் உயிர். நட்டு இல்லாத எளிய வகைகளில் அலகைத் தட்டித்தட்டித்தான் சரிசெய்ய வேண்டும். பழகியவருக்கு அது ஒரு குறையன்று. பழகாதவரோ அரை நாளை அதிலேயே தொலைப்பார்.

கடையில் நின்றபடியே பார்க்கக்கூடியவை சில உண்டு. உருக்கு அடிமட்டம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோய், தட்டை அடியின்மேல் நிறுத்தி வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கீழே வெளிச்சம் கசிந்தால் எவ்வளவு அராவ வேண்டியிருக்கும் என்பது தெரிந்துவிடும். இரு நட்டுகளையும் முழுத் தூரத்துக்குச் சுழற்றிப் பாருங்கள். பெட்டியில் இருந்த முதல் கருவியில் இடது நட்டின் தண்டு சற்றே சாய்ந்திருந்ததால் பாதி வழியில் இறுகி நின்றது; அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்தேன். பிடிகளில் பூசிய பெயின்டின் அழகைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அந்தப் பெயின்ட்தான் வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதல் வினையாயிற்று. பலாத் துண்டு ஒன்றில் வைத்துத் தள்ளினேன். சுருள் வருவதற்குப் பதிலாகக் கருவி தடதடவென்று அதிர்ந்து, மரத்தின்மேல் தகரக் கூரையின் நெளிவுபோல வரிவரியாகத் தழும்பு போட்டது. அலகு மொட்டை என்று நினைத்துத் தீட்டினேன், அதிர்வு குறையவில்லை. அலகைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கிற்று. அலகு படுக்க வேண்டிய தளத்தின்மேலேயே பெயின்டை அடித்திருந்தார்கள். அது ஓரிடத்தில் தடித்து, இன்னோரிடத்தில் கொப்புளித்து நின்றது. அலகு அந்தத் தடிப்பின்மேல் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. பெயின்டைச் சுரண்டி, சிறிய தட்டை அரத்தால் தளத்தை மெதுவாக அராவி, அலகின் முதுகில் கறுப்பு மார்க்கர் மையைப் பூசி வைத்து அழுத்தி, மை ஒட்டும் மேடுகளை மட்டும் மீண்டும் அராவி, தளம் முழுவதும் மை பரவும்வரை இதைச் செய்தேன். ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறையின் காலைப்பொழுது முழுவதும் இதற்குச் சரியாகப் போயிற்று. அதன்பின் அலகை அமுக்கிப் பிடிக்கும் மூடித் தகட்டின் முன்விளிம்பையும் அராவி, அலகோடு இடைவெளியின்றி ஒட்டச் செய்தேன். அங்கே ஒரு நூலிடை இருந்தாலும் சுருள் புகுந்து சிக்கிக்கொள்ளும்.

வாய் அதிகம் அகன்றிருந்தது இன்னொரு குறை. அலகுக்கும் முன் அடிக்கும் இடையில் இடைவெளி பெரிதாக இருந்தால், நார் அலகின் முன்னே பிளந்து பிய்யும். விசிட்டிங் கார்ட் அட்டையில் ஒரு துண்டை வெட்டி அலகின் அடியில் வைத்தேன். அலகு அந்தத் தடிப்பளவுக்கு முன்னே நகர்ந்து வாய் ஒடுங்கியது.

அலகைத் தீட்டுவதில் உள்ள ஒரே சங்கடம் அதன் குட்டை நீளம். கையில் பிடித்தால் விரல்நுனி கல்லில் உராயும். ஒரு சாண் மரக்கட்டையின் நுனியில் வாளால் ஒரு பிளவு போட்டு, அதற்குள் அலகைச் செருகிப் பிடியாக்கிக்கொண்டேன். 25 பாகைச் சரிவையும் நுனியில் 30 பாகை கூரையும் கொடுத்து, 1000 எண் கல்லிலும் பின்னர் 6000 எண் கல்லிலும் தீட்டினால் போதும். கல் இல்லாதவர் கண்ணாடித் துண்டின்மேல் நீர் அரத்தாளை ஒட்டி 400 இலிருந்து 2000 வரை போகலாம். நான் வாங்கிய அலகின் உருக்கு சற்று மென்மையானது. பலாவில் இருபது நிமிடம் சீவினால் கூரை மீட்க மீண்டும் தீட்டுத் தோலில் இழுக்கத் தேவைப்படுகிறது. இந்த விலைக்கு இதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

இனிப் பயன்படுத்தும் விதம். அலகை முழுவதும் உள்ளே இழுத்துவிட்டு, இரு நட்டுகளையும் சிறிது சிறிதாக முன்னே திருப்பி, தீக்குச்சி அளவு மரச்சிராய் ஒன்றை வாயின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறிமாறி இழுத்துப் பாருங்கள். சிராயில் இரு பக்கமும் ஒரே அளவு சுருள் எழுந்தால் அலகு நேராக நிற்கிறது. நானோ வேண்டுமென்றே இடப்பக்கத்தை ஒரு மயிரிழை கூடுதலாக இறக்கி வைக்கிறேன். வாள் விட்ட கரட்டைக் கழிக்க இடப்பக்கத்தால் சீவுவேன். வளைவு உருவான பின் கருவியைச் சற்று நகர்த்தி, வலப்பக்கத்தால் கண்ணாடித்தாள்போன்ற சுருளை எடுப்பேன். இடையில் நட்டைத் தொட வேண்டிய தேவையே வருவதில்லை. பிடிகளை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இரு பெருவிரல்களையும் கருவி உடலின் பின்புறப் பள்ளங்களில் வைத்து, சுட்டுவிரல்களை முன்புறம் படியவிட்டு, அடிப்பக்கத்தின் முன்பகுதியை மரத்தில் முதலில் படுக்கவைத்து, பின்னரே அலகைத் தொடவிட வேண்டும். தள்ளியும் சீவலாம், தன்பக்கம் இழுத்தும் சீவலாம்.

மரத்தின் நார் ஓட்டத்தை மதிப்பதில்தான் வேலை இருக்கிறது. குழிந்த வளைவில் இரு கரைகளிலிருந்தும் பள்ளத்தின் அடியை நோக்கிச் சீவ வேண்டும். அடியைத் தாண்டி மறுகரையில் ஏறினால் நார் எதிர்த்துக் கிளம்பும். புடைத்த வளைவில் இதற்கு மாறாக, உச்சியிலிருந்து இரு பக்கமும் இறங்க வேண்டும். மரக்காலையில் நான் வாங்கிய பலாவின் வைரம், மஞ்சளும் பொன்னுமாகப் பார்க்க அழகானது. ஆனால் அதன் நார் பின்னியோடுவதால் சில இடங்களில் எந்தத் திசையும் சரியான திசையாக இருப்பதில்லை. அங்கே கருவியைச் சற்றுக் கோணலாகப் பிடித்து, மிக மெல்லிய சுருளாக எடுத்தால் மரம் இணங்குகிறது. ஒரு முதிரை மரத் துண்டிலும் சோதித்தேன். அதன் கனத்துக்கும் பின்னலுக்கும் இந்த அலகு ஈடுகொடுக்கவில்லை.

உருண்டை அடிக் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: முதல் கருவியாக அதை வாங்காதீர்கள். தட்டை அடி, மரத்தில் படிந்தவுடன் அலகின் கோணத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும். உருண்டை அடியிலோ ஒவ்வொரு சீவலிலும் மணிக்கட்டு அந்தக் கோணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கதிரைக் கையின் வளைவு விரிந்த வளைவாகையால் தட்டை அடியே முழுவதற்கும் போதுமாயிற்று. கரண்டிக் காம்பின் கழுத்துப்போன்ற இறுக்கமான குழிவு வந்தால் மட்டுமே மற்றதற்கு வேலை.

கனடாவின் லீ வேலி நிறுவனம் வெரிட்டாஸ் என்ற பெயரில் விற்கும் ஸ்போக் ஷேவும், அமெரிக்காவின் லீ நீல்சன் நிறுவனம் கதிரைத் தச்சர் பிரையன் பாக்ஸின் வடிவமைப்பில் செய்யும் வெண்கல உடல் கொண்டதும் தடித்த அலகோடு வருபவை. கூலிக்கு நாற்காலி செய்பவருக்கு அவை பொருந்தும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் செலவையும் சுங்கவரியையும் கூட்டிப் பார்த்தபின், ஒரு கதிரைக் கைக்காக அந்த வழியில் போக எனக்கு மனம் வரவில்லை.

அரை நாள் அரம் பிடிக்கத் தயாராக இருப்பவருக்குத் தட்டை அடிக் கருவி கொடுத்த காசுக்குத் தகும். பெட்டியைத் திறந்தவுடன் சீவ வேண்டும் என்பவர் இதைத் தொடவே வேண்டாம். வெள்ளவத்தைபோலக் கடலை ஒட்டிய இடத்தில் வசிப்பவர் வேலை முடிந்ததும் அலகிலும் அடியிலும் தையல் மெசின் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். பல்கனியில் இரண்டு இரவுகள் மறந்து விட்டதில் என் கருவியின் அடிப்பக்கம் செம்புள்ளி போட்டுவிட்டது. கடைசியாக, மாற்று அலகு கேட்டு அதே கடைக்குப் போனேன். தனி அலகு வருவதில்லையாம். வேறு பெயரில் வந்த அலகு ஒன்றை முதலாளி எடுத்துக் காட்டினார். அகலம் சரி, காடிகள் மட்டும் நட்டுகளுக்கு எட்டவில்லை. ஆகவே மாற்று அலகு தேடுபவர் பழைய அலகைக் கடதாசியில் சுற்றிக் கையோடு கொண்டுபோய், காடியோடு காடி வைத்துப் பார்த்தபின்பே காசைக் கொடுக்க வேண்டும்.